ரூமுக்கு நாலு பேர்

பர்வீன் சொன்னது ஒரே ஓர் உண்மை. பொய்யாக இருந்திருந்தால் ஊர் அதைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கும். உண்மையாகப் போனதால்தான் வினை.

சூலக்கரையில் கலெக்டர் அலுவலகத்தை ஒட்டிய மைதானத்தில் அறிவியல் கண்காட்சி நடந்தது. விருதுநகரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தும் பர்வீன் அங்கே எதிர்ப்பொருளுக்கு என்று ஒரு ஸ்டால் போட்டிருந்தாள். நம்மையும் மண்ணையும் நட்சத்திரத்தையும் ஆக்கிய பொருளுக்கு நேர் எதிரான ஒரு பொருள் உண்டு, இரண்டும் தொட்டுக்கொண்டால் இரண்டுமே இல்லாமல் போய் ஒளியாகிவிடும், ஒரு கிராம் எதிர்ப்பொருள் இருந்தால் ஒரு நகரமே மிஞ்சாது என்று வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை கட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் செழியன் வந்தான். சிவகாசி வட்டாரச் செய்திகளை யூடியூபில் போடுகிறவன். மைக்கை நீட்டி, "இதெல்லாம் வெளிநாட்டுலதான மேடம் கெடைக்கும்? நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இளித்தான்.

அந்த இளிப்பு பர்வீனுக்குச் சுருக்கென்றது. மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருக்கும் குடும்பம் அது. "வெளிநாடு என்னத்துக்கு? எங்க அண்ணன் குடோன்ல பட்டாசுக்குப் போடுற வெடியுப்பு மூட்டை அடுக்கி வச்சிருக்காக. ஒவ்வொரு மூட்டையில இருந்தும் நொடிக்கு அஞ்சாறு எதிர்ப்பொருள் துகள் வந்துக்கிட்டேதான் இருக்கு" என்றாள்.

அத்தோடு விடவில்லை. வெடியுப்பில் பொட்டாசியம் இருக்கிறது. அந்தப் பொட்டாசியத்தில் துளிப் பங்கு தானாகவே சிதைந்துகொண்டிருக்கும். அப்படிச் சிதைவதிலும் லட்சத்தில் ஒன்று, எலக்ட்ரானுக்கு எதிரியான பாசிட்ரானைத் துப்பும். அது பிறந்த இடத்திலேயே பக்கத்து எலக்ட்ரானைத் தொட்டு இல்லாமல் போகும். வாழைப்பழத்திலும் இது நடக்கிறது, நம் உடம்பிலும் நடக்கிறது. உலகம் தோன்றிய நாள் முதல் நடக்கிறது, யாருக்கும் எதுவும் ஆனதில்லை. இவ்வளவையும் சொன்னாள். செழியன் பொறுமையாகப் படம் பிடித்துக்கொண்டு போய், பொறுமையாக அத்தனையையும் வெட்டி எறிந்தான். மூட்டையையும் நகரத்தையும் மட்டும் அடுத்தடுத்து ஒட்டிவைத்து, 'விருதுநகர் குடோனில் எதிர்ப்பொருள்! ஒரு கிராம் போதும், மாவட்டமே காலி!' என்று சிவப்பெழுத்தில் தலைப்புப் போட்டான்.

பட்டாசு போடும் சீமையில் இப்படி ஒரு தலைப்பு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளில் அது எல்லா வீட்டு போனுக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள், பர்வீனின் அண்ணன் முஹ்சின் குடோனிலிருந்து போன வெடியுப்பு லாரி, ஏழாயிரம்பண்ணையில் சீனிவாசகத்தின் பட்டாசுக் கம்பெனி வாசலில் அப்படியே நின்றுவிட்டது. லோடை இறக்க ஆளில்லை. தீபாவளி சீசன் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில், உப்பு உள்ளே வந்தால் நாங்கள் வெளியே போவோம் என்று பெண்கள் அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். சொல்ல வைத்தவள் இருளம்மாள்.

இருளம்மாள் மேஸ்திரி அல்ல, சங்கத் தலைவியும் அல்ல. பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிற வேலை. ஆனால் காலையில் ஊருக்குள் வருகிற கம்பெனி வேனில் அவள் ஏறினால்தான் மற்றவர்கள் ஏறுவார்கள். அவள் இடது தோளிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிக் கிடக்கும். எப்படி ஆனது என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பர்வீன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பெனி வாசலுக்குப் போனாள். நாம் கிளப்பிய புரளியை நாமே போய் அடக்கிவிடலாம், பத்து நிமிட வேலை என்று நினைப்பு. வேப்பமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். லாரி டிரைவர் தனுஷ்கோடி வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

"அந்த வீடியோவுல பாதியைத்தான் காட்டியிருக்காங்க அக்கா" என்று இருளம்மாளிடம் ஆரம்பித்தாள் பர்வீன். "உப்புல எதிர்ப்பொருள் இருக்கிறது உண்மைதான். ஆனா ரொம்ப ரொம்பக் கொஞ்சம்தான். ஒண்ணும் ஆகாது."

அதைக் கேட்டதும் அங்கே இருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

இருளம்மாள் கோபப்படவில்லை. அதுதான் பர்வீனுக்கு அதிகமாக உறைத்தது. "டீச்சர், கொஞ்சந்தான், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீக. இந்த ஏரியாவுல செத்துப்போன அம்புட்டுப் பேருகிட்டயும் கடைசியா அதத்தான் சொன்னாக. கொஞ்சந்தான் மருந்து கூடுதலு, ஒண்ணும் ஆகாதும்பாக. கொஞ்சந்தான் வெயிலு ஏறியிருக்கு, ஒண்ணும் ஆகாதும்பாக. நீங்க படிச்சவுக. வேற எதாச்சும் சொல்லுவீகன்னு பாத்தேன்."

பர்வீன் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வெம்பக்கோட்டை அணை வழியாக வரும்போது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இருளம்மாள் மேல் கோபமில்லை. இந்த மண்ணில் பிறந்து, பட்டாசுக்கு உப்பு விற்ற காசில் படித்துவிட்டு, இந்த மண்ணில் எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பது தெரியாமல் போயிற்றே என்று தன் மேல்தான் ஆத்திரம்.

வீட்டில் முஹ்சின் அவளுக்காகக் காத்திருந்தான். அத்தா சம்சு காலத்துக் குடோன் அது. அத்தா மறைந்த பிறகு அதைத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறவன். அவனிடம் உப்பு வாங்கும் மற்ற இரண்டு கம்பெனிகளும் லோடு வேண்டாம் என்று போன் போட்டுவிட்டன. சீனிவாசகம் திங்கட்கிழமை காலை வரைதான் பார்ப்பாராம், அதற்குள் முடியாவிட்டால் லாரி திரும்பும்.

"பர்வீனு, ஒரே ஒரு நிமிசம் பேசினாப் போதும். நான் தப்பாச் சொல்லிட்டேன், வெடியுப்புல அப்பிடி ஒண்ணுமே கெடையாதுன்னு ஒரு வீடியோ போட்டுரு. உங்க பிரின்சிபாலும் அதத்தான் கேக்குறாராம்ல?"

"கேட்டாரு."

"பெறகு என்ன? போட்டுட்டுப் போயேன்."

"இருக்கிறதை இல்லைன்னு எப்பிடிண்ணே சொல்ல?"

முஹ்சினுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "இருக்கோ இல்லையோன்னு ஒருத்தனுக்கும் தெரியாத சரக்கைப் பத்தி எழுதி டாக்டர் பட்டம் வாங்குனவ நீ. அப்ப இல்லாததை இருக்குன்னு எழுதின, இப்ப இருக்கிறதை இல்லைன்னு சொன்னா என்னவாம்?"

அவன் கிண்டல் செய்தது அவளுடைய ஆராய்ச்சியை. கண்ணாடிப் பொருள் என்று ஒன்று இருக்கலாம் என்பது இயற்பியலில் ஒரு யூகம். முகம் பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாகிற மாதிரி, நம் துகள் ஒவ்வொன்றுக்கும் திருப்பிப் போட்ட ஒரு ஜோடி. எதிர்ப்பொருள் மாதிரி அது நம்மை அழிக்காது. நம்மைத் தொடவே தொடாது. இந்த அறைக்குள்ளேயே நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டிருந்தாலும் நமக்குத் தெரியாது. அதன் ஈர்ப்பு விசை ஒன்றை வைத்துத்தான் அதைத் தேட முடியும். இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. "இருக்குன்னு நான் ஒரு வரிகூட எழுதலை" என்றாள் பர்வீன். "இருந்தா எப்பிடித் தேடணும்னுதான் எழுதினேன்." சொல்லும்போதே அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. தன்னிடம் கைவசம் இருக்கும் ஒரே திறமை அதுதான். சொல்லி நம்ப வைக்க அவளுக்கு வராது. தேடிக் காட்ட வரும்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அன்று காலை முஹ்சினையே காரை ஓட்டச் சொல்லி, கல்லூரி ஆய்வகத்துக் கருவிகளோடு ஏழாயிரம்பண்ணைக்குப் போனாள். கரண்டில் ஓடும் கருவி பட்டாசுக் கம்பெனிப் பக்கமே வரக் கூடாது. அதனால் ஊர்ச் சமுதாயக் கூடத்தைத் திறந்து வாங்கியிருந்தாள். பெண்கள் வந்தார்கள், முக்கால்வாசி வேடிக்கைக்கு. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழையும்போது ஒவ்வொருத்தியின் வலது கையும் தானாக நிலைப்படியின் பக்கம் போய்ச் சுவரைத் தொட்டது. கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் செம்புத் தகடு இருக்கும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை அதில் இறக்கிவிட்டுத்தான் மருந்துப் பக்கம் போக வேண்டும். இங்கே தகடு இல்லை, வெறும் சுண்ணாம்புச் சுவர். சிலர் கை வெள்ளையானதைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொண்டார்கள். பர்வீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவர்களிடம் போய் ஜாக்கிரதையைப் பற்றிப் பேசினோமே என்று வெட்கமாக இருந்தது.

மேசை மேல் குட்டிப் பீரங்கி மாதிரி இரண்டு கருவிகள், ஒன்றை ஒன்று பார்த்தபடி. "இந்த ரெண்டும் தனித்தனியா எதைப் பாத்தாலும் சத்தம் போடாது" என்றாள் பர்வீன். "ஒரே நொடியில, அதுக்குன்னு உள்ள ஒரே அளவு ஒளி, ரெண்டுலயும் பட்டாத்தான் டக்குன்னு ஒரு சத்தம் வரும். எதிர்ப்பொருள் அழியிறப்பத்தான் ஒளி அப்பிடி எதிரும் புதிருமாப் பறக்கும். நான் கொஞ்சம்னோ நிறையன்னோ சொல்ல மாட்டேன். நீங்களே கேளுங்க."

முதலில் வெறும் இடத்தைக் கேட்கவிட்டாள். ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்னப் பை வெடியுப்பை நடுவில் வைத்தாள். மூட்டையில் சிறு பங்குதான் அது, அதிலும் நாலா பக்கமும் பறக்கிற ஒளி இரண்டு கருவியிலும் ஒருசேரப் படுவது அபூர்வம். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு பிள்ளை சிணுங்கியது. ஒருத்தி கொட்டாவி விட்டாள். "வீடியோவுல நொடிக்கு அஞ்சாறுன்னாக, இங்க அஞ்சு நிமிசமாச்சு" என்று சண்முகத்தாய் வாயைத் திறந்தாள். அந்தக் கூட்டத்தில் வாய்த்துடுக்குக்குப் பெயர்போனவள்.

டக்.

பாதிப் பேர் எழுந்து வாசலைப் பார்த்துவிட்டார்கள். பட்டாசு அறையில் வேலை பார்க்கிற உடம்புக்குச் சத்தம் கேட்டால் வாசல்தான் முதலில் ஞாபகம் வரும். இருளம்மாள் மட்டும் அசையவில்லை.

"இதுதானா?"

"இதுதான் அக்கா. உப்புக்குள்ள ஒரு எதிர்த்துகள் பொறந்துச்சு, பக்கத்துல இருந்த ஒரு எலக்ட்ரானைத் தொட்டுச்சு. ரெண்டும் போயிருச்சு. அதோட ஒளிதான் இங்கயும் அங்கயும் பட்டுச்சு. ஆதியில இருந்தே உப்புலயும் நம்ம எல்லாரு உடம்புலயும் இது நடந்துக்கிட்டேதான் இருக்கு."

"ரெண்டுல ஒண்ணுகூட மிஞ்சாதா?"

"மிஞ்சாது."

"சரி. ஆதியில இருந்தே இது நடக்குன்னு சொல்றீக. தொட்டா ரெண்டும் மிஞ்சாதுன்னா, நாம எப்பிடி மிஞ்சினோம்?"

பர்வீன் அவளையே பார்த்தாள். இந்தக் கேள்விக்காக மலையைக் குடைந்தும் மண்ணைத் தோண்டியும் உலகம் பூராவும் கருவி வைத்துக் காத்திருக்கிறார்கள். "எல்லாம் தொடங்கினப்ப பொருளும் எதிர்ப்பொருளும் சமமாத்தான் இருந்திருக்கணும் அக்கா" என்றாள். "ரெண்டும் மோதி அம்புட்டும் அழிஞ்சு ஒளியாப் போச்சு. ஆனா நூறு கோடிக்கு ஒண்ணுங்கிற மாதிரி, நம்ம பக்கத்துல மட்டும் ஏதோ துளி மிச்சப்பட்டுருச்சு. அந்த மிச்சந்தான் இந்த மண்ணு, சூரியன், நீங்க, நான், எல்லாம்."

"அந்த மிச்சம் ஏன் மிஞ்சுச்சு?"

"தெரியாது அக்கா. இன்னும் யாருக்கும் தெரியாது."

பேச்சை எப்படியாவது லேசாக்க நினைத்த சண்முகத்தாய், "ஏன் டீச்சர், நீங்க என்னமோ கண்ணாடி உலகத்தப் பத்திப் படிச்சீகளாம்ல, உங்க அண்ணாச்சி சொல்லிக்கிட்டிருந்தாரு. அங்கனயும் ஒரு சண்முகத்தாயி இருப்பாளா? அவளுக்காச்சும் சீசன்ல சம்பளத்தோட லீவு விடுவாகளா?" என்றாள். கூடமே சிரித்தது. பர்வீனும் சிரித்துக்கொண்டே, அப்படி ஒரு பொருள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

இருளம்மாள் சிரிக்கவில்லை. சுருங்கிய கையை மற்றொரு கையால் மூடியபடி கேட்டாள். "டீச்சர், நாங்க ஒரே ரூம்ல இருந்தவுக. ரூமுக்கு நாலு பேருதான் இருக்கணும், அன்னைக்கு ஏழு பேரா ஒக்கார வச்சிருந்தாக. நான் தண்ணி குடிக்க வெளிய வந்தேன். வாசப்படி தாண்டல, பின்னால போயிருச்சு. ஆறு பேரு. நான் மட்டும் ஏன் மிஞ்சினேன்னு எனக்கும் தெரியாது. அந்தக் கண்ணாடிப் பக்கத்துல அந்த ரூமு வெடிச்சிருக்காதுல்ல?"

சுவரோரம் நின்றிருந்த முஹ்சின் தங்கையைப் பார்த்து, ஆமாம், வெடித்திருக்காது என்று சொல்லிவிடு என்று தலையை ஆட்டினான். பர்வீனுக்கும் தொண்டை வரை அந்த ஆமாம் வந்துவிட்டது. அவ்வளவு ஆசையாக ஒரு பொய்யைச் சொல்ல அவளுக்கு வாழ்க்கையில் தோன்றியதே இல்லை.

"இல்ல அக்கா" என்றாள். "அது நம்ம வாழ்க்கையோட இன்னொரு நகல் இல்ல. அங்க இருந்தா வெறும் துகள்தான் இருக்கும். நீங்க நினைக்கிற ரூமு அங்க இல்ல. அப்பிடி இருக்கணும்னு எனக்கும் ஆசையா இருக்கு. ஆனா இல்ல."

இருளம்மாள் எழுந்தாள். கூடத்தை விட்டு வெளியே போனாள்.

"இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு என்ன கொறைஞ்சு போகும்?" என்று முஹ்சின் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தான். எல்லாம் முடிந்தது என்றுதான் பர்வீன் நினைத்தாள். கருவியை அணைக்கக் கையை வைத்தபோது வாசலில் நிழல் தட்டியது.

இருளம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டுவந்து மேசையருகே போட்டாள். "உப்பை எடுத்துருங்க. எல்லா ஒடம்புலயும் இது இருக்குன்னு சொன்னீகள்ல? என்கிட்ட இருக்கான்னு காட்டுங்க."

"உடம்புல உப்பு மூட்டை அளவுக்கு இருக்காது அக்கா. ரொம்ப நேரம் ஆகும். வராமலே கூடப் போகலாம்."

"நான் எங்கயும் போகப் போறதில்ல."

பர்வீன் இரண்டு கருவிகளையும் அவள் நெஞ்சுக்கு இரு பக்கமும் நகர்த்தி வைத்தாள். நேரம் போனது. வெளியே வெயில் ஏறியது. சிலர் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தார்கள். இருளம்மாள் கண்ணை மூடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், சாமி வருவதற்குக் காத்திருக்கிறவள் போல.

டக்.

கூடம் ஓவென்று கத்தியது. "வந்துருச்சு! இருளம்மாக்கா கிட்டயும் வந்துருச்சு!" என்று சண்முகத்தாய் குதித்தாள். முஹ்சின் முகத்தில் நாலு நாளைக்குப் பிறகு உயிர் வந்தது. போதும், இப்படியே விட்டுவிடு தாயே என்று அவன் மனதுக்குள் கும்பிட்டிருக்க வேண்டும்.

"நில்லுங்க" என்றாள் பர்வீன்.

முஹ்சின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இந்த ஒண்ணை வச்சு என்னால சத்தியம் பண்ண முடியாது. வெளிய வானத்துல இருந்து வர்ற கதிரும் எப்பவாச்சும் இந்த மாதிரி சத்தம் கொடுத்துரும். இது அக்கா உடம்புல இருந்து வந்ததாவும் இருக்கலாம், வேற எங்க இருந்தாவது வந்ததாவும் இருக்கலாம். எனக்குத் தெரியலை."

இருளம்மாள் கண்ணைத் திறந்தாள். பிறகு சிரித்தாள். பல் தெரிய, தோள் குலுங்க அவள் சிரித்ததைப் பார்த்து ரொம்ப நாள் ஆனது போல மற்றவர்கள் அவளையே பார்த்தார்கள். "ஏய், கேட்டீகளாடி? இந்த வேலைக்கு வந்த நாள்ல இருந்து ஒண்ணும் ஆகாது ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன ஆளுகளத்தான் பாத்திருக்கேன். கையில வந்த கெலிப்பை வேண்டாம்னு தள்ளிட்டு, எனக்குத் தெரியலைன்னு சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்." பர்வீன் பக்கம் திரும்பினாள். "தெரியணும்னா என்ன செய்யணும், சொல்லுங்க."

"நிறையப் பேரு பக்கத்துல இருக்கணும். நிறைய நேரம் இருக்கணும். பெறகு அதே நேரம் யாருமே இல்லாமக் கேக்கணும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

சொல்லி முடிக்கவில்லை, கூடம் வேலையில் இறங்கிவிட்டது. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. இரண்டு கருவிகளுக்கும் நடுவே நாலு நாற்காலி விழுந்தது. நாலு பேர் உட்கார்ந்தார்கள். ஐந்தாவதாக ஒருத்தி தரையில் நெருக்கிக்கொண்டு உட்காரப் பார்த்தாள். "ஏலா, ரூமுக்கு நாலு பேரு" என்று மற்றவர்கள் ஒரே குரலில் அதட்டவும் விலகிக்கொண்டாள். அந்த நாலு பேர் எழுந்ததும் கூடத்தைக் காலி செய்துவிட்டு எல்லோரும் வெளியே இருந்த ஒரு வேப்பமரத்தடிக்குப் போனார்கள், கருவி தனியாகக் கேட்டது. மறுபடி வேறு நாலு பேர். மறுபடி காலி. திரையில் எண் ஓடுவதைச் சண்முகத்தாய் நம்பவில்லை. வீட்டிலிருந்து தாயம் விளையாடுகிற புளியங்கொட்டையைக் கொண்டுவந்து, ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, ஆள் இருக்கும்போது கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கொட்டையை ஒரு பக்கமும், ஆள் இல்லாதபோது கேட்பதற்கு மறுபக்கமும் வைத்தாள். நடுவில் யாரோ பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டே தன் முறைக்கு வந்து உட்கார்ந்தாள். கடைசியில் முஹ்சினையும் பிடித்து உட்கார வைத்தார்கள். "அண்ணாச்சி நல்லாச் சாப்பிட்ட ஒடம்பு, நெறைய வரும்" என்றாள் சண்முகத்தாய்.

வெயில் தாழ்ந்தபோது ஜன்னல் திண்டில் இரண்டு குவியல் இருந்தது. ஒன்று கைப்பிடியில் அடங்காது. மற்றதை விரலால் எண்ணிவிடலாம். எண்ணத் தெரியாத குழந்தைகூடப் பெரியது எது என்று காட்டிவிடும்.

பர்வீன் திரையையும் பார்த்தாள், குவியலையும் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "இப்பச் சொல்லலாம்" என்றாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. "இப்ப எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன். இது உங்ககிட்ட இருந்துதான் வந்துச்சு."

இருளம்மாள் நாக்கை மடித்து ஒரு குலவை போட்டாள். ஒருத்தி எடுத்தாள், இன்னொருத்தி எடுத்தாள், சமுதாயக் கூடத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. மனிதர்கள் வானத்தைப் பார்த்து எத்தனையோ விதமாகக் கைதட்டியிருப்பார்கள். எதிர்ப்பொருளுக்குக் குலவை போட்டது ஏழாயிரம்பண்ணைதான்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் லாரி நின்றது. சீனிவாசகம் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். செழியனும் கேமராவோடு வந்துவிட்டான். டீச்சர் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். வேன் வந்தது. முதலில் இறங்கியவள் இருளம்மாள். அவன் மைக்கை நீட்டும்முன் அவளே அதன் முன்னால் வந்து நின்றாள்.

"எம்மா, இந்த மூட்டையில எதிர்ப்பொருள் இல்லைன்னு டீச்சர் ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்லைன்னு யாருலே சொன்னா? இருக்கு. மூட்டையிலயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு. ஒன்கிட்டயும் இருக்கு."

செழியன் அனிச்சையாக ஓரடி பின்னால் போனான். பெண்கள் சிரித்த சிரிப்பில் அவன் காது சிவந்தது.

"நாங்க ஒக்காந்து கேட்டுட்டோம். அது எங்களக் கொல்லாது" என்றாள் இருளம்மாள். கேமராவிலிருந்து பார்வையை எடுத்துச் சீனிவாசகத்தின் மேல் வைத்தாள். "எங்களக் கொல்லுறது எதுன்னு நான் சொல்றேன், நல்லாப் படம் பிடி. நாலு பேரு ஒக்கார வேண்டிய ரூம்ல ஏழு பேரை ஒக்கார வைக்கிறதுதான் கொல்லும். கொஞ்சந்தான், ஒண்ணும் ஆகாதுங்கிற வார்த்தைதான் கொல்லும். மொதலாளி, லோடு எறங்கணும்னா, இந்த சீசன்ல இருந்து ரூமுக்கு நாலு பேரு. அஞ்சாவது ஆளு உள்ள வந்தா நாங்க நாலு பேரும் வெளிய வந்துருவோம். சரியா?"

சீனிவாசகம் தொண்டையைக் கனைத்தார். லாரியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். "நாலு பேருதான்" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க, அவனோட மைக்குல விழட்டும்."

"ரூமுக்கு நாலு பேருதான்!"

தனுஷ்கோடி லாரி மேல் ஏறித் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தார். முஹ்சின் முதல் மூட்டைக்குத் தானே தோள் கொடுத்தான். அப்போது பர்வீனின் போன் அடித்தது. பிரின்சிபால். மறுப்பு வீடியோ என்ன ஆச்சு என்று கேட்டார். "இப்பத்தான் சார் எடுத்து முடிச்சாங்க. சாயங்காலம் ஊரே பாக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இருளம்மாள் வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், அம்புட்டும் அழிஞ்சும் கொஞ்சம் மிஞ்சுச்சுன்னீகள்ல. அது ஏன்னு கண்டுபிடிச்சா எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்."

"முதல் ஆளா உங்களுக்குத்தான் அக்கா."

"தெரியற வரைக்கும் பரவால்ல. மிஞ்சினவுக சும்மா இருந்துறப்படாது" என்று சொல்லிவிட்டு, வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். பின்னால் மூன்று பேர் வந்து நின்றார்கள். அவர்களும் தொட்டார்கள். நாலு பேரும் உள்ளே போனார்கள். ஐந்தாவதாக வந்த சண்முகத்தாய் தானாகவே அடுத்த அறைக்குத் திரும்பினாள்.